இருபத்தெட்டு டிகிரி

பெட்டி இருபத்தைந்து புள்ளி மூன்று என்று காட்டிக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசி மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் இருபத்தைந்து புள்ளி நான்கு என்றது. அடி சக்கை, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பம்பு ரூமில் கேட்க ஆளில்லை என்பதால் இன்னொரு தரமும் சொன்னாள். ஒரு புள்ளி ஏறியதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும், ஒரு புள்ளி என்ன லேசுப்பட்டதா, சுவருக்கு அந்தப் பக்கம் கிடக்கிற நீச்சல் குளத்தின் தண்ணீர் மொத்தமும், மூலை முடுக்கு பாக்கியில்லாமல் ஒரு புள்ளி சூடேறியிருக்கிறது, அதுவும் மார்கழி மாதத்து வடவள்ளியில், மத்தியானத்திலேயே மலைக்காற்று இறங்கி ஸ்வெட்டரைத் தேட வைக்கிற வடவள்ளியில். அதற்குக் காரணம் யார், அரசி. கம்பெனிக்காரர்கள் பெட்டியைச் சுவரில் மாட்டி ஒயரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், உள்ளே சொல்லிவைக்க வேண்டியதைச் சொல்லிவைக்கிற ஆள் செவ்வாய்க்கிழமைதான் வருவான் என்றார்கள். செவ்வாய்க்கிழமை வந்து என்னத்துக்கு? நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலையில் அபார்ட்மெண்ட் கூட்டம். மூன்றாவது மாடிச் சம்பந்தம் எழுந்து நின்று, இந்தக் குளத்தில் வருஷம் பூரா கொசு மட்டும்தான் நீச்சலடிக்கிறது, மண்ணைக் கொட்டி மூடினால் கார் நிறுத்தலாம் என்பார், பாதிப் பேர் கையைத் தூக்குவார்கள். போன கூட்டத்தில் அவர், "இதுல ஒரு பொம்பளையாச்சும் கால வெச்சிருக்காங்களா, காட்டுங்க பார்க்கலாம்" என்று கேட்டபோது, "தண்ணி ஐஸாட்டம் இருந்தா எப்படீங்க வெப்பாங்க? சூடு பண்ணிக் குடுங்க, சனிக்கிழமை சாயங்காலமே இறக்கிக் காட்டறனுங்க" என்று சொன்ன வாய் யாருடையது, அதுவும் அரசியுடையதுதான். ஆக இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு லேடீஸ் டைம். இருபத்தெட்டு டிகிரி இருந்தால் பெண்கள் இறங்குவார்கள், இறங்கினால் குளம் பிழைக்கும். இல்லாவிட்டால் மண் லாரி. பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, புள்ளி ஐந்து வந்துவிட்டது.

ஸ்பின்னிங் மில் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயரானவள். வீட்டு மிக்ஸியைத் தவிர எந்த மெஷினையும் அவள் திறந்து பார்த்ததில்லை. காலையில், தேய்ந்த முழங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு பயந்து பயந்துதான் பெட்டியின் முன்னால் வந்து நின்றாள். ஆனால் பெட்டி நல்ல மாதிரி. முதலில் எந்த மொழி என்று கேட்டது, எட்டு மொழி காட்டியது, அதில் தமிழ் இல்லை, போய்த் தொலை என்று இங்கிலீஷை அமுக்கினாள். இன்றைக்கு என்ன தேதி என்றது, மணி என்ன என்றது, பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பதைப் போல ஒவ்வொன்றாக, மரியாதையாக. அப்புறம், உங்கள் குளத்தில் எத்தனை தண்ணீர் என்று கேட்டது. அங்கே அவள் கை நின்றுவிட்டது. எத்தனை தண்ணி இருக்குது? அம்மா கேட்கிற கேள்வி அது. பூமார்க்கெட்டுக்குப் பின்னால் லைன் வீட்டில், பத்து நாளைக்கு ஒரு தரம் தெருக்குழாயில் தண்ணீர் வந்த காலத்தில், அம்மா வெளியே போய்விட்டு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத்தான் கேட்பாள், அரசி அடுக்கிவைத்த குடங்களைத் தட்டிப் பார்த்துச் சொல்வாள், ரெண்டரைக் குடம்மா, முகம் கழுவலாமா வேண்டாமா என்பது அந்தப் பதிலில்தான் இருந்தது. அந்த அரசி இன்று ஒரு பெட்டிக்கு அம்பதாயிரம் லிட்டர் என்று பதில் சொல்கிறாள். சைபர்களை ஒவ்வொன்றாக அமுக்கியபோது யாரோ பின்னால் நின்று பார்ப்பது போலத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அம்பதாயிரம் லிட்டரையும் சூடு வேறு பண்ணுகிறாயா, குண்டி கொழுத்துப்போச்சுடி உனக்கு என்று அம்மா சொல்வாள், சொல்லிவிட்டுச் சிரிப்பாளா மாட்டாளா என்று அரசிக்குத் தெரியவில்லை, சிரித்தாள் என்றே வைத்துக்கொண்டாள்.

அங்கங்கே முட்டியபோதெல்லாம் கம்பெனியின் ஜெரால்டுக்குப் போன் போட்டாள், பையன் பாண்டிச்சேரியில் வேறொரு குளத்தின் கரையில் நின்றுகொண்டே சொல்லிக்கொடுத்தான், தங்கமான பிள்ளை. "தண்ணியோட சூடு எவ்வளவோ அதுல பாதி, மேடம். அத்தனை மணி நேரம் மோட்டார் ஓடித் தண்ணிய வடிகட்டணும். இருபத்தெட்டு டிகிரின்னா பதினாலு மணி நேரம்." பதினாலா! அரசி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். பதினாலு மணி நேரம் ஒரு மோட்டாரை ஓடவிட்டுவிட்டு மனுஷி எப்படி நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள்? மோட்டார் ஓடுகிறது என்றால் எங்கேயோ டேங்க் நிறையப் போகிறது என்று அர்த்தம், நிறைந்து வழிந்து மொட்டை மாடியில் கொட்டப் போகிறது, பக்கத்து வீட்டுக்காரி சத்தம் போடப் போகிறாள், மோட்டாரின் காயில் கருகப் போகிறது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து இந்த ஊரில் எந்தத் தூக்கத்திலிருந்தும் அவளை எழுப்பக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது "மோட்டார் ஓடுது!" என்பதுதான், தீப்பிடித்தது என்றால்கூட எங்கே என்று கேட்பாள், மோட்டார் ஓடுது என்றால் கேள்வி கிடையாது, கால் தானாக ஓடும். அதனால் பதினாலு மணி நேரத்தைப் பெட்டியில் ஏற்ற அவளுக்கு மனம் வரவில்லை. காலை எட்டிலிருந்து ரெண்டு வரை போதும் என்று போட்டாள். அப்படிப் போட்டுவிட்டு ஏதோ மிச்சம் பிடித்த திருப்தி வேறு.

சூடேற்றுகிற இயந்திரம் வெளியே நிற்கிறது, ஏசி மெஷினின் பெரியண்ணன் மாதிரி, முன்னால் விசிறி. அதன் எதிரே போய் நின்றால் ஜில்லென்று காற்று அடிக்கிறது. சூடு பண்ணுகிற மெஷின் ஏன் குளிர்காற்று விடுகிறது என்று கேட்டதற்கு ஜெரால்டு, காற்றில் இருக்கிற சூட்டைப் பிடுங்கித் தண்ணீருக்குக் கொடுக்கிறது மேடம், சூடு போன காற்றை வெளியே தள்ளுகிறது என்றான். இதைவிட அழகான விஷயத்தை அவள் அறுபத்தோரு வருஷத்தில் கேட்டதில்லை. மார்கழிக் காற்றிலும் பிடுங்குவதற்குச் சூடு இருக்கிறதாமே! ஆனாலும் ஒரு பயம் மட்டும் காலையிலிருந்து விடவில்லை, வாளியில் போடுகிற ஹீட்டர் ராடு பயம். சுவிட்ச் போட்டிருக்கும்போது தண்ணீரைத் தொடாதே, தொடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த உடம்பு, இது என்ன, அதே வாளி, பெரிய வாளி, இதற்குள் பத்துப் பதினைந்து பெண்களை இறங்கச் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது மாடிக் கோகிலம் இறங்குகிறாள், பக்கத்து வீட்டு நஸீமா இறங்குகிறாள், சுரீர் என்று, ஐயோ, வேண்டாம், நினைக்காதே. "கரண்ட்டும் தண்ணியும் சந்திக்கவே சந்திக்காது மேடம், நடுவுல குழாய்தான் இருக்கு, ஒரு துளி கசிஞ்சாக்கூட பிரேக்கர் விழுந்து கரண்ட்டு நின்னுடும்" என்று அவன் மூன்று தரம் சத்தியம் செய்தான். பிரேக்கர் விழுகிறதா என்று சோதிக்கிற பட்டனை அவள் நான்கு தரம் அமுக்கிப் பார்த்தாள், நான்கு தரமும் விழுந்தது, ஒவ்வொரு தரமும் உயிர் போய் வந்தது. எதற்கு இந்தப் பாடு என்றால் கொடைக்கானல்தான் காரணம். நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் போனபோது ஓட்டலில் வெந்நீர்க் குளம், எல்லோரும் மேக்கப்புக்குப் போயிருந்தார்கள், அரசி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்து காலை முழங்கால்வரைக்கும் விட்டாள். வலி போய்விட்டது. மாத்திரையில் போகிற மாதிரி மந்தமாகி அல்ல, யாரோ வந்து கூட்டிக்கொண்டு போன மாதிரி எழுந்து போய்விட்டது. முழங்காலுக்கே இப்படி என்றால் இடுப்புக்கு எப்படி இருக்கும், தோளுக்கு? அவள் எழுந்து வந்துவிட்டாள், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. அன்றிலிருந்து அவளுடைய மிச்ச உடம்பு கேட்டுக்கொண்டே இருக்கிறது, எங்களை எப்போது?

இருபத்தாறு என்று முழுசாக வந்து நின்றபோது அவள் கைதட்டினாள். தட்டிய கை சேர்ந்தபடியே இருக்க, மோட்டார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது, வெளியே விசிறியும் நின்றது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு? அமைதி காதை அடைத்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறதே. மணியைப் பார்த்தாள். ரெண்டு. ரெண்டு மணிவரை போதும் என்று போட்டது யார்? சரிதான், மோட்டார் ஓடாமல் சூடு ஏறாது என்று ஜெரால்டு சொன்னானே, மோட்டாரை மிச்சம் பிடித்துச் சூட்டைக் கோட்டைவிட்டாள். போனில் அவன் சொன்ன வழியில் உள்ளே போனாள், ஹீட்டிங், அதற்குள் பிரியாரிட்டி, ஆஃப் என்றிருந்ததை ஆன் என்று மாற்று. அதற்கு அர்த்தம் என்னவென்றால், மணி எத்தனையானாலும் சரி, தண்ணீர் சொன்ன சூட்டுக்கு வரும்வரை ஓடு, யாரையும் கேட்காதே. விரல் அந்தப் பட்டனின் மேல் ஒரு நிமிஷம் நின்றது. யாரையும் கேட்காமல் ஓடு என்று அவள் இதுவரை எதற்கும், யாருக்கும் சொன்னதில்லை, அவளிடமும் யாரும் சொன்னதில்லை. அமுக்கினாள். மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது, சற்று நேரத்தில் விசிறியும். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, ஏதோ இளவரசன் படை கிளம்பியதைப் போல. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் சென்னியப்பன் முதல் மாடி பால்கனியிலிருந்து, "அரசி! சோறு ஆறிப்போச்சு, மேல வா அம்மிணி!" என்று கூப்பிட்டார். கண்ணாடி, போன், கம்பெனி கொடுத்த புத்தகம் எல்லாவற்றையும் இடது கையில் அள்ளிக்கொண்டு ஒரு பாட்டை முணுமுணுத்தபடி மேலே போனாள். ரசம் அமிர்தமாக இருந்தது. விடியாமல் எழுந்த உடம்பு, சித்த நேரம் காலை நீட்டலாம் என்று படுத்தாள். தூங்கியே போனாள்.

விழித்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது. பதறிக்கொண்டு இறங்கினாள், ஒவ்வொரு படிக்கும் முழங்கால் ஒரு வசவு திட்டியது, பரவாயில்லை, இந்நேரம் இருபத்தேழு தாண்டியிருக்கும், இருபத்தேழரைகூட இருக்கலாம், என்று பம்பு ரூம் கதவைத் திறந்தால், சத்தமே இல்லை. பெட்டி கறுப்பாக இருந்தது. எண் இல்லை, விளக்கு இல்லை, செத்துக் கிடந்தது. கரண்ட் போய்விட்டதா, இல்லையே, தலைக்கு மேல் பல்பு எரிகிறதே. கண் சுவரில் ஓடியது, கதவோரம் மோட்டாருக்கும் பெட்டிக்குமான மெயின் சுவிட்ச் கீழே இறக்கியிருந்தது. பிரேக்கர் விழவில்லை, கசிவு கிசிவு இல்லை, யாரோ இறக்கியிருக்கிறார்கள், கையால், வேண்டுமென்றே. மேலே தள்ளினாள். பெட்டி கண் விழித்து, யோசித்து, இருபத்தைந்து புள்ளி ஒன்பது என்றது. ஏறியது போக இறங்கியிருக்கிறது. யார்? வாட்ச்மேன் மத்தியானம் இந்தப் பக்கம் வரமாட்டார், அவருக்கு இந்த ரூமே ஆகாது. சம்பந்தம் காலையிலேயே திருப்பூர் போனவர், அவர் கார் இன்னும் வரவில்லை. அப்படியானால் வீட்டில் இருந்த ஒரே ஆள். அவள் தூங்கும்போது முழித்திருந்த ஆள். மகள் பழைய காரைத் தருகிறேன் என்று சொன்னதிலிருந்து, நிறுத்த இடமில்லையே, நிறுத்த இடமில்லையே என்று குளத்தையே பார்த்துக்கொண்டு டீ குடிக்கிற ஆள். நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது. குளத்தோரம் வந்து மேலே பார்த்துக் கத்தினாள். "ஏனுங்க! கார் வேணும்னா கார் வேணும்னு நேரா சொல்ல வேண்டியதுதானுங்க! தூங்கற நேரம் பார்த்து இந்த வேலையா பண்ணுவீங்க?" சென்னியப்பன் கையில் பேப்பரோடு எட்டிப் பார்த்தார். "ஏன் அம்மிணி, என்னாச்சு?" என்றார். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாதது போல நடிக்கவும் தெரியுமே, முப்பத்தாறு வருஷமாக உப்பு குறைந்த குழம்பை நல்லாயிருக்குது என்று சாப்பிடுகிற மனுஷன்தானே. அவள் ரூமுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாத்திக்கொண்டு நின்றவளுக்கு அழுகை வரவில்லை, கணக்கு வந்தது. ஏன் செய்தார்? எப்போது வந்தார்? பேப்பரை மடித்து வைத்துவிட்டு, செருப்பு மாட்டி, பூனை மாதிரி இறங்கி, இந்தக் கதவைத் திறந்து, இந்தச் சுவிட்சை இறக்கி. சரி, இறக்கினார். அப்புறம்? லைட்டை அணைத்துவிட்டுப் போயிருப்பார். அங்கே போய் மனம் முட்டிக்கொண்டது. லைட் எரிந்துகொண்டிருந்தது. நான் கதவைத் திறந்தபோது பல்பு எரிந்தது. சென்னியப்பன் ஒரு ரூமை விட்டு வெளியே வந்து அங்கே லைட் எரிந்ததாக சரித்திரம் கிடையாது, கல்யாண மண்டபத்தில்கூட கைகழுவுகிற இடத்தில் லைட்டை அணைத்துவிட்டு வந்து மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச்சு வாங்கியவர் அவர். கொலை செய்ய வந்தாலும் போகும்போது லைட்டை அணைத்துவிட்டுத்தான் போவார். அப்படியானால் அவர் வரவில்லை. யார் வந்தாலும் வந்தவர் லைட்டை விட்டுவிட்டு மோட்டாரை அணைத்திருக்கிறார். யாருக்கு லைட்டைவிட மோட்டார் பெரிசு? யாருக்கு மோட்டார் சத்தம் காதில் விழுந்தால் கை சும்மா இருக்காது? அவள் தன் வலது கையைப் பார்த்தாள். சாப்பிடப் போகும்போது இடது கையில் கண்ணாடி, போன், புத்தகம். வலது கை காலியாக இருந்தது. டைப் அடித்த கை, எழுத்தைப் பார்க்காமலே, என்ன அடிக்கிறோம் என்று தெரியாமலே பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளிய கை. கட்டைவிரல் அடிப்பக்கத்தில் ஏதோ ஞாபகம் இருந்தது, கெட்டியான பிளாஸ்டிக், கொஞ்சம் விறைப்பு, டக் என்று ஒரு இறக்கம், அதற்கப்புறம் வந்த அமைதி எவ்வளவு சுகமாக இருந்தது, அந்த அமைதியில்தானே பாட்டு முணுமுணுத்தாள். சோறு ஆறிப்போச்சு என்றதும், ஓடுகிற மோட்டாரை அணைத்துவிட்டு, வீட்டுப் பெண்ணாக லட்சணமாக மேலே போயிருக்கிறாள். நான்தான். ஐயோ, நானேதான். யாரையும் கேட்காமல் ஓடு என்று சொன்ன வாயின் ஈரம் காயுமுன் அதே உடம்பின் கை போய் அணைத்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மேலே கத்தியதை நினைத்து முகம் சுட்டது, அந்தச் சூட்டைப் பிடுங்கிக் குளத்தில் விட்டால் ரெண்டு டிகிரி ஏறியிருக்கும்.

இருபத்தாறு புள்ளி இரண்டு. மணி நாலேமுக்காலை நெருங்குகிறது. இனி தலைகீழாக நின்றாலும் இருபத்தெட்டு வராது. பட்டன்களை வெறுமனே அமுக்கி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தாள், கோவிலைச் சுற்றுவது போல. அப்போதுதான் அது கண்ணில் பட்டது. சென்சார் திருத்தம். தண்ணீரின் சூட்டைக் கருவி கூடக் குறையக் காட்டினால், உண்மையான தர்மாமீட்டரைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள ஒரு இடம். பிளஸ், மைனஸ். பிளஸை அமுக்கினால் எண் ஏறும், அவ்வளவுதான். குளத்தோரத்தில் இன்னொரு சின்னத் திரை இருக்கிறது, இங்கே என்ன எண்ணோ அதையே அதுவும் காட்டும், வருகிற பெண்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். இருபத்தெட்டு என்று கண் பார்த்துவிட்டால் கால் நம்பிவிடும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குகிறவர்களும் உண்டுதானே. யாருக்கு என்ன நஷ்டம்? நாளைக்குக் குளம் பிழைக்கும். பிளஸ். பிளஸ். விரல் டைப் அடிக்கிற வேகத்தில் போனது. இருபத்தெட்டு புள்ளி இரண்டு. ஆகா, எவ்வளவு அழகான எண். அவள் ரசித்து முடிப்பதற்குள் வெளியே விசிறி வேகம் குறைந்து, முனகி, நின்றது. மெஷின் நம்பிவிட்டது. அவள் சொன்ன பொய்யை அட்சரம் பிசகாமல் நம்பி, வேலை முடிந்தது அம்மா என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் அங்கே ஆற ஆரம்பித்திருக்கும். அரசிக்கு வந்த வெட்கம் போன வாரம் நஸீமாவின் பேத்தியிடம் மிட்டாய் இல்லை என்று சொல்லி மாட்டிக்கொண்டபோதுகூட வரவில்லை. எல்லாவற்றையும் நம்புகிற ஒன்றிடம் போய் இந்த வேலையா? மைனஸ், மைனஸ், மைனஸ். இருபத்தாறு புள்ளி இரண்டு. சற்று யோசித்துவிட்டு விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியது, கோபமில்லாமல். கதவு திறந்தது, சென்னியப்பன் கையில் காபி டம்ளரோடு நின்றார். "நாந்தானுங்க அணைச்சுப்போட்டேன்," என்றாள், "உங்களப் போயி சத்தம் போட்டேன்." அவர் டம்ளரை நீட்டினார். "மோட்டார் ஓடுனா அணைக்கத்தான் தோணும், அதுக்கென்ன பண்றது," என்றார். போகும்போது பழக்கமாகக் கை லைட் சுவிட்சுக்குப் போயிற்று, அவள் கொஞ்சம் இருங்க என்று பிடித்துக்கொண்டாள். காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது, நன்றாக இருந்தது.

பெண்கள் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பழைய சேலை கொண்டுவரச் சொல்லியிருந்தாள், அதைக் குளத்தைச் சுற்றியிருந்த கம்பி வேலியில் கட்டினார்கள், பச்சை, ஊதா, பூப்போட்டது, தறிச்சேலை, நைலக்ஸ், பால்கனிகள் மறைந்து குளத்துக்கு ஒரு வீடு வந்தது. நைட்டியும் சுடிதாருமாகப் பதினோரு பேர், எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு. சம்பந்தத்தின் பெண்டாட்டி கோகிலம்தான் வாயைத் திறந்தாள். "இருபத்தெட்டுன்னு சொன்னீங்களேக்கா, இருபத்தாறரைன்னு போட்டிருக்குது?" அரசி திரையைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து ஏறிய ஒவ்வொரு புள்ளியும் அந்தக் கேள்வியில் இறங்கியது. ஏதாவது சொல், கரண்ட் போய்விட்டது என்று சொல், கம்பெனி சரியில்லை என்று சொல். "இருபத்தாறரைதானுங்க இருக்குது," என்றாள். "மத்தியானம் சோறு திங்கப் போகையில நானே மோட்டார ஆஃப் பண்ணிப்போட்டுப் போயிட்டேன். தன்னால கை போயிருச்சு." நஸீமா பக்கென்று சிரித்தாள். "நான் ஊருக்குப் போகும்போது ஃப்ரிட்ஜையே அணைச்சுட்டுப் போனவ. வந்து பார்த்தா ஈத் கறி அத்தனையும் போச்சு!" இன்னொருத்தி மாமியார் தலைக்கு வைத்த வெந்நீரை அணைத்த கதையைச் சொன்னாள், இன்னொருத்தி பக்கத்து வீட்டு மோட்டாரைப் போய் அணைத்தாளாம், ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள், சேலைச் சுவருக்குள் சிரிப்பு முட்டி மோதியது, சிரிக்கிற சிரிப்பில் கோகிலம் கையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அட, வாங்க, ஊறுகாயா போட்டுருவோம் காலை," என்று முதல் படியில் இறங்கிவிட்டாள். "அய்யய்யோ! சில்லுனு இருக்குது!" என்று அலறினாள். அலறினாளே தவிர ஏறவில்லை. இரண்டாவது படி. "ஏய், சில்லுனு இல்ல, இருங்க, ஒண்ணும் தெரியல!" நஸீமா இறங்கினாள். ஒவ்வொருத்தியாக, நைட்டிகள் பலூன் மாதிரி உப்பி மிதக்க, பிடித்துக்கொண்டு, பிடியை விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டு. எல்லாரும் இறங்கியான பிறகு கரையில் நின்றது அரசி மட்டும்தான்.

அவளுக்குப் பயமாக இருந்தது. உள்ளபடியே பயமாக இருந்தது, ராடு பயம், வழுக்குகிற பயம், அதற்கெல்லாம் மேலே, ஒருவேளை கொடைக்கானலில் நடந்தது கல்யாண மயக்கம்தானோ, இறங்கினால் வலி அப்படியே இருந்தால் என்ன செய்வது என்கிற பயம். ஆசைப்பட்டதை அடைகிற இடத்துக்கு வந்தபிறகு வருகிற பயம் இருக்கிறதே, அது தனி ரகம். "வாங்கக்கா, எங்கள இறக்கி விட்டுட்டு மேல நின்னு வேடிக்கை பார்க்கறீங்களா?" என்று கோகிலம் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு படி. குளிர் கணுக்காலைக் கவ்வியது. இன்னொரு படி. முழங்கால். இன்னொன்று, இடுப்பு, மூச்சு நின்று போய் வந்தது, இன்னொன்று, மார்பு, அங்கே படி முடிந்து தரை. அவள் காத்திருந்தாள். உடம்பு எங்கே போயிற்று? முழங்கால் எங்கே? தேடினாள், வலது முழங்கால், இடது முழங்கால், கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. காலைத் தூக்கினாள், அது தானாக மேலே வந்தது, குழந்தையின் காலைப் போல, யாருடைய காலோ போல. தூக்கிச் சுமந்த தன்னையே யாரோ வாங்கி இறக்கி வைத்துவிட்டார்கள். "போச்சு," என்றாள் சத்தமாக. "என்னக்கா போச்சு?" "வலி. வலி போச்சுங்க!" சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது, முகத்தில் அடித்த தண்ணீரோடு அது கலந்து போயிற்று. எல்லாரும் அவரவர் முழங்காலைத் தூக்கிப் பார்த்தார்கள், இடுப்பைத் திருப்பிப் பார்த்தார்கள், சிசேரியனுக்குப் பிறகு குனியாதவள் குனிந்தாள், ஒருத்தி குதித்தாள், குளமே கூச்சலாகிவிட்டது. கேட்டில் கார் வந்து நிற்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம், கொஞ்ச நேரத்தில் மூன்றாவது மாடி பால்கனியில் யாரோ வந்து நின்று தொண்டையைச் செருமுகிற சத்தம். சேலைகளுக்கு மேலே ஆள் தெரியவில்லை. தெரியவேண்டியதில்லை, கோகிலத்துக்கு அந்தச் செருமல் தெரியும். கழுத்துவரைத் தண்ணீரில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் வாயோரம் குவித்துக்கொண்டு, முப்பது வீட்டுக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள். "ஏனுங்க! நாளைக்கு மீட்டிங்குல காரு கீருன்னு வாயத் தொறந்தீங்கன்னா, அப்பறம் சோத்துக்கும் நீங்க அந்தக் காருகிட்டத்தான் போயி நிக்கோணும், சொல்லிப்போட்டேன்!" மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள், அரசி அடக்க முடியாமல் ஒரு வாய் தண்ணீரைக் குடித்துவிட்டாள். மேலே பால்கனிக் கதவு மெல்லச் சாத்துகிற சத்தம் கேட்டது.